மடைவாயில் ஒரு பலகை

சின்னண்ணன் செய்த ஒரே குற்றம், போன வருஷம் ஐப்பசியில் சுற்றுவட்டாரத்தில் எல்லார் வெங்காயமும் அழுகியபோது தன் வெங்காயத்தை மட்டும் அழுகவிடாமல் பார்த்துக்கொண்டதுதான். அதற்கு முந்தின வருஷம் வறட்சி. அப்போதும் மற்றவர்கள் கிணற்றில் பாறை தெரிந்தபோது அவர் கிணற்றில் முழங்காலளவு தண்ணீர் கிடந்தது. ஒரு வருஷம் தப்பித்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுவார்கள். இரண்டு வருஷம் தொடர்ந்து தப்பித்தால் விஷயம் அதிகாரிகள் காதுக்குப் போய்விடுகிறது.

இத்தனைக்கும் அவர் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ராசிபுரத்துக்குத் தெற்கே கரட்டுப்புதூரில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். அதற்குக் கீழே சரிவில், மச்சான் முறையான குருமூர்த்தியின் மரவள்ளித் தோட்டம். நடுவில் ஒரு வரப்பு, வரப்பின் தாழ்ந்த மூலையில் ஒரு மடை. மடையிலிருந்து குருமூர்த்தி தோட்டத்தின் ஓரமாக ஒரு வாரி போய், மழைத்தண்ணீரை ஓடையில் சேர்க்கும். மழை குறைந்த வருஷம், மாட்டுத்தீவனக் கோணிப்பையில் மண்ணை நிரப்பி மடையை அடைத்துவிட்டால், விழுகிற தண்ணீர் அத்தனையும் உள்ளேயே இறங்கிக் கிணற்றுக்குப் போகும். மழை மிஞ்சினால் கோணியை இழுத்துவிட வேண்டியது. இழுப்பதற்கு முன்னால் சின்னண்ணன் கீழே பார்த்து ஒரு குரல் கொடுப்பார். குருமூர்த்தி போய் வாரியில் கிடக்கும் செத்தையை அள்ளிப் போட்டு வழி செய்துவிட்டு மறுகுரல் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் மடை திறக்கும்.

இந்த ஏற்பாட்டை யாரும் ஞானத்தால் கண்டுபிடிக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் சின்னண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் மடையைத் திறந்துவிட, குருமூர்த்தியின் கிழங்கு பாதி அழுகி, இரண்டு பேரும் மண்வெட்டிக் காம்பால் அடித்துக்கொண்டு, ஆளுக்கு நாலு தையலோடு ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தபோது பேசி முடித்தது. கட்டில்கள் கொஞ்சம் தள்ளி இருந்திருந்தால் இன்றைக்கும் சண்டைதான் நடந்துகொண்டிருக்கும்.

சித்திரை மாதம் ஒரு ஜீப் வந்தது. சேலத்தில் இருக்கும் காலநிலைத் தாங்குதிறன் மேம்பாட்டு முகமையின் திட்ட அலுவலர் முருகானந்தமும், படிவம் நிரப்பும் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு களப்பணியாளர் மதுமதியும் இறங்கினார்கள். வறட்சியையும் வெள்ளத்தையும் சமாளிக்கும் விவசாயிகளைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்வது முகமையின் வேலை. முருகானந்தம் மடையைச் சுற்றி வந்து கோணிப்பையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இந்தத் தொழில்நுட்பத்தோட பேர் என்னங்க?”

“தொழில்நுட்பமெல்லாம் இல்லீங்க சார். கோணிப்பைங்க.”

மதுமதி எழுதாமல் முருகானந்தத்தைப் பார்த்தாள். “நெகிழ்திறன் நீர்த்தடுப்பான்னு போடும்மா,” என்றார் அவர். “சரி, அப்புறம் என்ன பண்ணுவீங்க?”

“அப்பறம் நான் கூப்புடுவனுங்க. மச்சான் ஓடியாருவாருங்க.”

கூப்பிடுவதற்குப் படிவத்தில் இடமில்லை. முருகானந்தம் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். “குரல்வழி முன்னெச்சரிக்கை அமைப்பு. மச்சானைப் பயனாளி எண் இரண்டுன்னு போட்டுக்கோ.”

வைகாசியில் சின்னண்ணனைப் பயிற்சிக்கு அழைத்தார்கள். சேலத்தில் ஒரு ஓட்டலின் குளிரூட்டிய அறையில் மூன்று நாள். முதல் நாள் முழுக்க, நெகிழ்திறன் நீர்த்தடுப்பான் என்பது புதிதாக வந்திருக்கும் பூச்சிமருந்து என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் திரையில் தன் வீட்டுக் கோணிப்பையின் படத்தைப் பார்த்ததும்தான் விளங்கியது. தன் மடையைத் திறக்கத் தனக்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். நாலு பேர் மெனக்கெட்டுச் சொல்லும்போது எனக்குத் தெரியும் என்று எழுந்து போவது மரியாதை இல்லை என்று உட்கார்ந்து கேட்டார். மூன்றாம் நாள் தேர்வு வைத்தார்கள். இருபத்தைந்துக்குப் பதினொன்று வாங்கித் தோற்றார்.

‘நீர்த்தடுப்பானைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை எது?’ என்ற கேள்விக்கு, ‘கீழ்த்தோட்டத்துக்காரரைக் கூப்பிடுதல்’ என்பதை அவர் டிக் அடித்திருந்தார். சரியான விடை, ‘பதிவேட்டில் பதிதல்’.

“தினமும் நீங்க செய்யற வேலைதானே? இதுல போய் எப்படித் தப்பு விட்டீங்க?” முருகானந்தத்துக்கு நிஜமாகவே வருத்தம்.

“இனிமே சரியாப் பண்ணிக்கறனுங்க சார்.”

முன்மாதிரி விவசாயி தோற்றால் முகமையே தோற்றதாக ஆகிவிடும். ஆகவே மதுமதி பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் முனையால் தொட்டுக் காட்ட, மறுதேர்வில் அவர் இருபத்து நாலு வாங்கினார். ‘வறட்சியாலும் வெள்ளத்தாலும் பாதிக்கப்படாத விவசாயி’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் மனைவி பாவாயி அதை இரண்டு தரம் படித்தாள்.

“ஏனுங், இத மழைகிட்டக் காட்டோணுமுங்களா, இல்ல அதுக்கும் ஒரு காப்பி போயிருக்குமுங்களா?”

ஆடியில் பலகை வந்தது. ஆள் உயரத்துக்கு இரும்புப் பலகை, அதைத் தாங்க நாலடிக்கு நாலடி கான்கிரீட் மேடை. கலவை மிஷின், ஐந்து ஆட்கள், முருகானந்தம், மதுமதி எல்லாரும் காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கே வைப்பது என்று முருகானந்தம் தோட்டத்தை நாலு பக்கமும் நடந்து பார்த்து, கடைசியில் மடை மூலையில் போய் நின்றார். “இங்கதான். இங்க வெச்சாத்தான் போட்டோவுல பின்னாடி கொல்லிமலை வருது. என்னங்க சொல்றீங்க?”

“உங்க இஷ்டமுங்க சார். எங்க வேணும்னாலும் வெச்சுக்குங்க. முதல்ல மோர் சாப்புடுங்க,” என்றார் சின்னண்ணன்.

வாசலுக்கு வந்தவரிடம் அந்தப் பக்கத்தில் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, வந்தவர் மோரைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும், ‘ஆனா பாருங்க’ என்று ஆரம்பித்து உள்ளதைச் சொல்வார்கள். டம்ளர் கையில் இருக்கும்போது மறுத்துப் பேசும் வழக்கம் இல்லை. சின்னண்ணனும் முருகானந்தம் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். முருகானந்தம் வெயிலில் வந்த மனுஷன். இரண்டாவது டம்ளர் கேட்டார், கொத்தமல்லித் தழை போட்டதா என்று விசாரித்தார், மூன்றாவது டம்ளரையும் நிதானமாகக் குடித்தார். அவர் டம்ளரை வைத்தபோது, கலவை மிஷின் மடைக்குள் கான்கிரீட்டைக் கொட்டி முடித்திருந்தது.

“ஆனா பாருங்க சார்,” என்று ஆரம்பித்தார் சின்னண்ணன். “அது தண்ணி போற வாயிங்க.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க? ‘எங்க வேணும்னாலும் வெச்சுக்குங்க’ன்னு நீங்க சொன்னதை மதுமதி ஒப்புதல் பத்தியில ஏத்திட்டாளே.”

பலகையில் பெரிய எழுத்தில், ‘இவ்விடத்தில் வெள்ளநீர் பாதுகாப்பாக வெளியேற்றப்படுகிறது’ என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில், பலகைக்குச் சேதம் விளைவிப்பவர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. பாவாயி பெரிய எழுத்தைப் படிக்கவில்லை. சின்ன எழுத்தை மட்டும் படித்துவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னண்ணன் சேலத்துக்கு மூன்று நடை நடந்தார். மூன்றாம் தடவை முருகானந்தம் மனமிரங்கி, “சரி, தண்ணி வடியுதா இல்லையான்னு சோதனை பண்ணிப் பார்த்துருவோம். இயக்குநரும் வெள்ளத்தை நேர்ல பார்க்கணும்னு சொல்லிட்டிருக்கார்,” என்றார்.

அது ஆவணி. ஒரு துளி மழை இல்லை. ஊரில் குழாய்த் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் முகமை, வெள்ளத்தை லாரியில் அனுப்பி வைத்தது. பன்னிரண்டாயிரம் லிட்டர் நல்ல தண்ணீர். இயக்குநர் குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார, இன்னும் நடவு போடாத தோட்டத்தில் லாரிக்காரர் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் பாய்ந்து வந்து கான்கிரீட் மேடையில் முட்டி நின்றது. அவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தபடி சின்னண்ணன் கீழே பார்த்து, “மச்சான், தண்ணி ஏறுதுங்கோவ்!” என்று கத்தினார். முகமை கொடுத்த பச்சைத் தொப்பியோடு குருமூர்த்தி ஓடிவந்தார்.

அந்தக் கத்தல் ஊருக்கும் கேட்டது. தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்தால் போதும் என்றிருந்த காலம். ஐந்து நிமிஷத்தில் நாற்பது பெண்கள் குடத்தோடும் அண்டாவோடும் வந்து இறங்கினார்கள். முதல் குடம் பாவாயியுடையது. இயக்குநர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளத்தை மொண்டு, வடிகட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு கிழவி பாத்தியில் தங்கியிருந்ததைச் சொம்பில் வழித்துக்கொண்டாள்.

‘வெள்ளநீர் இருபது நிமிடங்களில் முழுமையாக வெளியேறியது. பலகையால் வடிகாலுக்கு இடையூறு இல்லை என்பது சோதனையில் உறுதியானது’ என்று முருகானந்தம் அறிக்கை எழுதினார். அதில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வரியும் கிடையாது. சின்னண்ணன் நாலாம் நடை நடக்கவில்லை. அலுத்துவிட்டது.

புரட்டாசி முதல் வாரம் வெங்காயம் நட்டார். ஒன்றரை ஏக்கரும் சின்ன வெங்காயம். அந்த வருஷத்துக்கு அந்தக் குடும்பத்துக்கு அதுதான் எல்லாம். ஐம்பத்து நாலாம் நாள், காய் திரண்டு வரும் நேரத்தில், சாயங்காலம் பிடித்த மழை விடிகாலையில்தான் விட்டது. சின்னண்ணன் போய்ப் பார்த்தார். பாத்தியும் வாய்க்காலும் ஒன்றாகிக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. தாள் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. சின்ன வெங்காயம் தண்ணீரில் அரைப் பகல் தாங்கும். அதற்கு மேல் நின்றால் மறுநாள் நாற்றமெடுத்துவிடும்.

“கடப்பாறைய எடுத்துட்டு வாரேன், ஒடைங்க,” என்றாள் பாவாயி.

“கேஸ் போட்டுருவாங்க சாமி. போலீசு, கோர்ட்டுன்னு எவன் அலையறது?”

“அப்ப அண்ணனக் கூப்புடுங்க. வரப்ப நடுவுல வெட்டி உடலாம்.”

சின்னண்ணன் கீழே பார்த்தார். மூலையில் வெட்டலாம் என்றால் வாரியின் வாயையும் சேர்த்துக் கான்கிரீட் அடைத்திருந்தது. வரப்பை நடுவில் வெட்டினால் தண்ணீர் வாரிக்குப் போகாது, நேராக மரவள்ளிக்குள் இறங்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததேதான். கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். உங்கள் பயிரை அழித்து என் பயிரைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு மனுஷனை எப்படிக் கூப்பிடுவது? அவருக்கு வெட்கமாக இருந்தது. போன் எடுத்து முருகானந்தத்தைக் கூப்பிட்டார்.

“நானே உங்களுக்குப் போன் பண்ண இருந்தேன்,” என்றார் முருகானந்தம் உற்சாகமாக. “இன்னிக்குச் சேலத்துல விழா. வெள்ளத்தை வென்ற விவசாயின்னு உங்களுக்கு விருது. வண்டி வந்துட்டே இருக்கு.”

“சார், தோட்டத்துல தண்ணி நிக்குதுங்க. அந்த மேடைய ஒடைக்கோணுமுங்க.”

“அதுக்கு இயக்குநர் கையெழுத்து வேணுங்க. அவர் மேடையிலதான் இருப்பார். வாங்க, நேர்லயே கேட்டுடலாம்.”

சின்னண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பாவாயி அவர் போவதைப் பார்க்கவில்லை. முட்டிவரை சேலையைச் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கி, கையால் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

விழாவில் குத்துவிளக்கு ஏற்றவே பதினொன்றரை ஆயிற்று. இயக்குநர் நாற்பது நிமிஷம் பேசினார்.

“விவசாயிகள் மழையைக் கண்டு பயப்படுகிறார்கள். ஏன் பயப்பட வேண்டும்? நாங்கள் பயப்படுகிறோமா? போன வருஷம் எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது. நாங்கள் பதறவில்லை. அமைதியாக மேல்தளத்துக்குப் போனோம். அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தோம். இதற்குப் பெயர்தான் தகவமைப்பு. இந்த மனப்பக்குவம் விவசாயிகளுக்கு வர வேண்டும். வறட்சி வந்தபோதும் அப்படித்தான். எங்கள் குழாயில் தண்ணீர் நின்றது. உடனே கேன் தண்ணீருக்கு மாறினோம். ஒரு நாள்கூட அலுவலகம் நிற்கவில்லை.”

கைதட்டல் அடங்க நேரமானது. சின்னண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளி நிறக் கோணிப்பை வைத்த விருதைக் கொடுத்து, கையில் மைக்கையும் கொடுத்தார்கள்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க,” என்றார். “ஐயா, எம்பட தோட்டத்துல இப்பத் தண்ணி நிக்குதுங்க. விடியக்காலத்துல இருந்து நிக்குதுங்க. மடையில நீங்க வெச்ச பலகைய ஒடைச்சா வடிஞ்சுருமுங்க. ஒடைச்சுக்கட்டுமுங்களா?”

‘விவசாயி அனுபவப் பகிர்வு, மூன்று நிமிடம், கைதட்டல்’ என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அரங்கம் கைதட்டியது. இயக்குநர் அவர் தோளில் கை போட்டுப் படத்துக்குச் சிரித்தபடியே சொன்னார். “பலகை எங்க சொத்துப் பதிவேட்டுல இருக்கு. ஆயுட்காலம் பதினஞ்சு வருஷம். அதுக்கப்புறம் நீங்க தாராளமா எடுத்துக்கலாம்.”

மேடைக்குப் பின்னால் மதுமதி ஓடிவந்தாள். “அண்ணா, என்னை மன்னிச்சுருங்க. அன்னிக்கு நான் அதை ஒப்புதல்ல ஏத்தியிருக்கக் கூடாது. சாப்பாடு முடிஞ்சுதான் வண்டி கிளம்பும். நீங்க நிக்காதீங்க, பஸ் ஏறிப் போங்க.”

“நீ என்ன பண்ணுவ அம்மிணி,” என்று சொல்லிவிட்டுச் சின்னண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பொன்னாடையைக் கழற்றவும் தோன்றவில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. தோட்டத்தில் தண்ணீர் நிற்கும் என்று நினைத்துப் போனவர் வரப்பில் திகைத்து நின்றுவிட்டார். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வரப்பு நடுவில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடத்திலிருந்து குருமூர்த்தியின் மரவள்ளிக்கு நடுவே, வேரோடு பிடுங்கிய நாலு வரிசையின் இடத்தில், முழங்காலளவு ஆழத்துக்குப் புது வாரி ஓடையை நோக்கி ஓடியது. இன்னும் இரண்டு மாதம் நின்றிருந்தால் ஜவ்வரிசி மில்லுக்குப் போயிருக்க வேண்டிய கிழங்கு, விரல் விரலாகக் கரையில் கிடந்தது. குருமூர்த்தியும் பாவாயியும் தலை முதல் கால் வரை சேறாக நின்றார்கள்.

“உன் தோட்டத்துல கொக்கு நின்னுச்சு மாப்ளே,” என்றார் குருமூர்த்தி. “வெங்காயத்துல கொக்குக்கு என்ன வேலைன்னு வந்து பார்த்தேன்.”

“கெழங்கு போச்சுங்களே மச்சான்.”

“நாலு வரிசதான் போச்சு. நீ கூப்புட்டிருந்தா விடியக்காலத்துலயே வெட்டியிருக்கலாம். ஏன் கூப்புடல?”

“எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கூப்புடறதுங்க?”

“மூஞ்சிய எவன் கேட்டான்? கொரல் குடுத்தாப் போதுமில்ல?” குருமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. “அரை நாள் போச்சு பாரு. பாதி வெங்காயம் போச்சு பாரு.”

சின்னண்ணன் பொன்னாடையோடு சேற்றில் உட்கார்ந்து அழுதார். ஐம்பத்திரண்டு வயதில், தோட்டத்து நடுவில், இரண்டு பேர் பார்க்க அழுதார். பாவாயி மண்வெட்டியை அவர் பக்கத்தில் போட்டுவிட்டு, வெங்காயத்தில் நல்லது கெட்டது பிரிக்கப் போனாள்.

மூன்றில் ஒரு பங்கு தேறியது. மற்றது இரண்டே நாளில் கொழகொழத்து, ஊர் எல்லை வரை நாறியது. மூன்றாம் நாள் குருமூர்த்தி, பிடுங்கிப் போட்ட மரவள்ளித் தண்டுகளைக் கட்டிக்கொண்டு மேலே வந்தார். “தண்ட வீணாக்க வேண்டாம். வெங்காயம் போன பாத்தியில நட்டுரு. தண்ணி வடிஞ்சு இப்பத்தான் மண்ணு பதமா இருக்குது. நாள் போனா இறுகிரும்.” மூன்று பேரும் தண்டைச் சாண் சாணாக நறுக்கி ஊன்ற ஆரம்பித்தார்கள்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. முருகானந்தம் மூக்கைப் பொத்திக்கொண்டு பாத்தியில் இறங்கினார். மதுமதி டேப்லெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சார், இது பாதிக்கப்படாத விவசாயியோட தோட்டம். இழப்புங்கிற பத்தியே திறக்க மாட்டேங்குது,” என்றாள். குரலில் உயிரில்லை.

“பரவாயில்லை, இயக்குநர் நேர்லயே பார்க்கப் போறார்,” என்றார் முருகானந்தம். பிறகு சின்னண்ணனிடம் திரும்பினார். “வியாழக்கிழமை வர்றார். சேதத்தைச் சேதமாவே பார்க்கணும்னு விரும்பறார். அதனால இந்தக் குச்சி நடறதையெல்லாம் நிறுத்திட்டு, அழுகினதை அழுகினபடியே வெச்சிருங்க. நாலு நாள்தானே.”

சின்னண்ணன் நிமிரவில்லை. ஊன்றிய குச்சியைச் சுற்றி மண்ணை இரண்டு கையாலும் அமுக்கினார்.

“வியாழக்கெழம வரைக்கும் ஈரம் நிக்காதுங்க சார்,” என்றார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க நிக்கற எடத்துலயும் ஒரு குச்சி நடோணும்.”

முருகானந்தம் தள்ளி நின்றார்.